ராத்திரியில் மட்டும் சிவக்கும் சாக்கடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அனுமதி இல்லாமல் நடக்கும் சிறு தொழில்கள், அவற்றைப் பார்த்தும் பார்க்காத அரசு அலுவலகங்கள், நடுவில் கெட்டுப்போகும் தண்ணீரும் காற்றும். இதைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தேன். பெயர் போடாதீர்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள், காரணம் புரிகிறது. அதனால் யாருக்குமே பெயர் இல்லை, ஊர் மட்டும்.

பள்ளிபாளையம் வாசகி: எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டின் பின்பக்கம் சாயத் தொட்டி வைத்திருக்கிறார்கள். பகலில் சத்தமே இருக்காது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் சாக்கடை ஒரு நாள் சிவப்பாக, ஒரு நாள் நீலமாக ஓடும். எங்கள் போர் தண்ணீர் இப்போது கரிக்கிறது. புகார் கொடுக்கலாமென்றால் அங்கே வேலை செய்யும் ஆறு பேரும் இந்தத் தெருக்காரர்கள். ஒருத்தி என் நாத்தனார் மகள். என்ன செய்ய?

முதலில் அந்தத் தண்ணீரைச் சொல்லிவிடுகிறேன். குடிக்க வேண்டாம், சமைக்க வேண்டாம், கொதிக்க வைத்தும் வேண்டாம். கொதித்தால் கிருமிதான் சாகும், உப்பு அப்படியே இருக்கும், தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கரிக்கும். பருத்தி நூலில் சாயம் ஏற வேண்டுமென்றால் தொட்டியில் உப்பைக் கொட்டியாக வேண்டும், அடர்ந்த நிறத்துக்கு இன்னும் அதிகமாக. நூல் அந்த உப்பைக் குடித்துக்கொள்வதில்லை, கொட்டியது கொட்டியபடி கழிவோடு வந்துவிடும். சாக்கடையில் நிறம் கண்ணில் படுவதால் நாம் நிறத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் போரைக் கரிக்க வைத்தது பெரும்பாலும் நிறமே இல்லாத இந்த உப்பு. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. டிடிஎஸ் மீட்டர் என்று பேனா மாதிரி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சாயத்தையும் உலோகத்தையும் அது காட்டாது, உப்பைக் காட்டும். வாரம் ஒரு முறை அளந்து தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். புகார் என்று போகும்போது "தண்ணி கரிக்குதுங்க" என்பதைவிட அந்த நோட்டுக்கு மரியாதை அதிகம்.

இனி நாத்தனார் மகள். அவள் சம்பளத்தைக் கெடுக்க உங்களுக்கு மனசு வரவில்லை, சரி. ஆனால் கையுறை இல்லாமல், இஎஸ்ஐ இல்லாமல், சாய நீராவியில் ராத்திரியெல்லாம் நிற்கிறவளும் அவள்தான். முதல் பாதிப்பு அவளுக்கு, அடுத்தது உங்கள் கிணற்றுக்கு. அதனால் பிழைப்பா தண்ணீரா என்று போட்டுப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வேறொன்றை விசாரியுங்கள்: அந்த நூல் யாருடையது? வீட்டுக்காரர் சொந்தமாக நூல் வாங்கிச் சாயம் போட்டு விற்பவராக இருக்க மாட்டார். யாரோ நூல் சிட்டங்களை வண்டியில் இறக்கி, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, விடிவதற்குள் ஏற்றிப் போகிறார்கள். அந்த யாரோவுக்குப் பெயர்ப்பலகை இருக்கும், ஜிஎஸ்டி எண் இருக்கும், கல்லாவுக்கு மேல் சாமி படமும் இருக்கும். பல பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கு வைத்திருக்கும் பட்டறை கழிவுத் தண்ணீருக்கு லிட்டர் கணக்கில் காசு கட்டுகிறது, அந்தக் காசு அதன் கூலியில் ஏறிவிடுகிறது. உங்கள் தெருவில் அந்தச் செலவு இல்லை, ஏனென்றால் அதை நீங்கள் கட்டுகிறீர்கள், கேன் தண்ணீர் வாங்கி.

ஆகவே தெருவில் பத்து வீடு சேர்ந்து கையெழுத்துப் போட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு ஒன்று, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டருக்கு ஒன்று கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள். மனுவில் தொட்டியை இடிக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், நூல் கொடுத்தவர் யார் என்று விசாரித்து அவர் மேல் நடவடிக்கை எடுக்கவும் கேளுங்கள். தொட்டியை மட்டும் இடித்தால் அடுத்த மாதம் அடுத்த தெருவில் கட்டுவார்கள். காவிரிக் கரையில் இது எத்தனை தடவை நடந்தது என்று உங்கள் ஊர்க்காரர்களே சொல்வார்கள்.

திருப்பூர் வாசகர், முன்பு சாயப்பட்டறை நடத்தியவர்: 2011-ல் எல்லாப் பட்டறைகளையும் ஒரே நாளில் மூடச் சொன்னார்கள். ஒழுங்காக இருந்தவனும் மூடினான், திருடனும் மூடினான். திருடன் வேறு ஊர் போய் மறுபடி ஆரம்பித்தான். நான் கடனோடு நின்றேன். இதுதான் சட்டமா?

உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு ஒரத்துப்பாளையம் வரை போய் வர வேண்டும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் திருப்பூரைத் தாண்டிக் காவிரிக்குப் போகும் வழியில், சென்னிமலைப் பக்கம் 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். சில வருடத்தில் அது சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. அணைத் தண்ணீர் வேண்டும் என்று விவசாயி போராடுவதைப் பார்த்திருக்கிறோம், இங்கே தண்ணீரைத் தேக்காதே, திறக்காதே என்று போராடினார்கள். ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது அந்தப் பாசன நிலத்து விவசாயிகள், நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வெளியே விடும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் ஆரம்பித்து 10 பைசா வரை ஏறும் அபராதம் போட்டு, ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத நிலைக்கு வரக் கெடு வைத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லி இன்னும் மூன்று மாதம் கொடுத்தது. அப்புறமும் கழிவு ஓடியது. 2011 ஜனவரி 28-ல் மூடச் சொன்ன உத்தரவு வந்தபோது அது திடீரென்று வந்ததாகச் சொல்ல முடியாது, வாய்தா வாங்கி வாங்கித் தீர்ந்துபோன நாள் அது.

ஆனால் நீங்கள் கேட்பது வேறு. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடின, பனியன் ஆர்டர்கள் மூடவில்லை. துணிக்கு எங்காவது சாயம் போட்டாக வேண்டும். வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போனது, கண்ணுக்குத் தெரியாத கொட்டகைகளுக்கும் போனது. கணக்கில் இருந்தவனைப் பூட்டினால் வேலை கணக்கில் இல்லாதவனிடம் போகும் என்பது தெரியாத விஷயம் இல்லை, அதற்கான ஏற்பாடு எதுவும் அன்று இல்லை. அப்புறம்தான் மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தண்ணீரைப் பிரித்து உப்பையும் எடுத்துத் திரும்பப் பயன்படுத்தும் அளவுக்கு வந்தன. இன்று திருப்பூரைக் காட்டி இந்தியாவே பாடம் கேட்கிறது, அது பெருமைதான். ஆனால் அந்தக் கடனும் அந்தத் தொழில்நுட்பமும் 1990-களின் நடுவிலேயே, நொய்யல் நிறம் மாறிக்கொண்டிருந்தபோதே பேசப்பட்டிருந்தால் நீங்கள் இப்படிக் கடனாளியாக நின்றிருக்க மாட்டீர்கள். என் கணக்கில் தவறு நீதிமன்றத்துடையது இல்லை. அதற்கு முன் பதினைந்து வருடம் தூங்கிய அலுவலகங்களுடையது, அந்தத் தூக்கம் வசதியாக இருந்த உங்கள் தொழிலுடையதும்கூட. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: சின்னவனைப் பிடிப்பது சுலபம். பெரிய, லைசென்ஸ் உள்ள தொழில்கள் செய்யாத அநியாயமா?

உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. மூடிப்போன குரோமேட் ஆலையின் லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு மலை மாதிரி அங்கே கிடந்தது, அது பின்வாசல் தொழில் இல்லை, அரசு அனுமதியோடு நடந்த ஆலை. 2015 ஜனவரி கடைசியில் சிப்காட்டில் தோல் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து பத்துப் பேர் செத்தார்கள், பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்து பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். சுத்தப்படுத்தக் கட்டிய இடமே கொன்றது. எனவே பதிவு செய்துவிட்டால் புனிதமாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பதிவு செய்தவனை வழக்குக்கு இழுக்கலாம். வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் மேல் போட்ட வழக்கில்தான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 'கெடுத்தவனே கட்ட வேண்டும்' என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாகவே ஏற்றது. தோல் கழிவால் கெட்ட பாலாறு கொடுத்த விலைக்கு நாடு முழுவதும் ஒரு சட்டம் வாங்கியது. அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்: அதே பாலாற்று விவகாரத்தில் 2025 ஜனவரியில், கிட்டத்தட்ட இருபத்தெட்டு வருடம் கழித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈட்டை முதலில் அரசு கொடு, பிறகு கெடுத்தவர்களிடம் வசூல் பண்ணிக்கொள் என்று உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. சட்டம் இருப்பதற்கும் அலுவலகம் வேலை செய்வதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டால், இருபத்தெட்டு வருடத் தூரம்.

மதுரை, பொருளாதார மாணவி: முறைசாராப் பொருளாதாரம் பெரிதாக இருந்தால் மாசு கூடுமா, குறையுமா? பாடத்தில் இரண்டுக்கும் ஆதாரம் காட்டுகிறார்கள்.

இரண்டும் உண்டு, பாடம் பொய் சொல்லவில்லை. உலகத்தில் வேலை செய்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல், சுமார் 200 கோடிப் பேர், முறைசாரா வேலையில், அதாவது பதிவோ பாதுகாப்போ இல்லாத வேலையில், இருக்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் கணக்குச் சொன்னது. இதில் பூ கட்டுகிறவரும் இருக்கிறார், தள்ளுவண்டியில் இட்லி விற்கிறவரும் இருக்கிறார், கம்ப்யூட்டர் ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறவரும் இருக்கிறார். முதல் இருவரால் என்ன மாசு? பெரிய மெஷின் இல்லை, கரண்டு இல்லை. அதனால்தான் சில ஆய்வுகளில் கோடு மலை மாதிரி ஏறி இறங்குகிறது: நிழல் பொருளாதாரம் (அரசுக் கணக்கில் வராத தொழிலும் வியாபாரமும்) மிகச் சிறிதாக இருக்கும் நாட்டிலும் மாசு குறைவு, மிகப் பெரிதாக இருக்கும் ஏழை நாட்டிலும் குறைவு, நடுவில்தான் உச்சம். நடுவில் என்றால் நம்மை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். மெஷின் வாங்கக் காசு வந்துவிட்டது, அதைக் கண்காணிக்கிற கண் இன்னும் வரவில்லை.

உங்களுக்கு உதவக்கூடிய இன்னொன்று. 1999 முதல் 2005 வரை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் தரவை வைத்து 2012-ல் வந்த ஓர் ஆய்வு, நிழல் பொருளாதாரத்தால் மாசு எவ்வளவு கூடுகிறது என்பது அந்த நாட்டில் ஊழல் எவ்வளவு என்பதைப் பொறுத்தது என்று காட்டியது; ஊழலைக் கட்டுப்படுத்தினால் அந்தப் பாதிப்பு குறைகிறது. நிறுவனத் தரம் என்று பாடத்தில் வருகிற அந்த வறட்டுச் சொல்லுக்கு இதுதான் அர்த்தம். சட்டத்தை மட்டும் கடுமையாக்கி அலுவலகத்தைப் பழையபடி விட்டால், சட்டப்படி நடப்பதன் செலவு ஏறும், ஏமாற்றுவதன் செலவு ஏறாது, ஆள் பின்வாசலுக்குப் போவான்.

தேர்வில் எழுத ஒரு குறும்பான வரியும் தருகிறேன். நாடு நாடாக ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் கரியமில வாயு மாதிரி எல்லா நாட்டிலும் கணக்கு இருக்கிற மாசைத்தான் எடுக்கும். பள்ளிபாளையம் வாசகியின் போர் தண்ணீர் எந்தத் தரவிலும் இல்லை. நிழல் பொருளாதாரத்தின் அளவும் நேரடியாக எண்ணியது கிடையாது, கையில் புழங்கும் ரொக்கம், வரி விகிதம் என்று சுற்றி வளைத்து ஊகித்தது. அதனால் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நம்புங்கள், தசம ஸ்தானங்களை நம்பாதீர்கள்.

சென்னை வாசகர்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் லஞ்சம் ஒழிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறேன். சரிதானே?

பாதி சரி. நாளைக் காலை எல்லோரும் ஹரிச்சந்திரனாகிவிட்டாலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கும். 1974-ல் வந்த தண்ணீர்ச் சட்டப்படி கெடுத்தவரைத் தண்டிக்க வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டியிருந்தது, வருடக்கணக்கில் இழுத்தது. அதனால் 1988-ல் திருத்தம் கொண்டுவந்து, வாரியமே மூடச் சொல்லலாம், கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லலாம் என்று ஆக்கினார்கள். நல்ல ஆயுதம்தான். ஆனால் பீஸைப் பிடுங்க வேண்டுமென்றால் தொழிற்சாலை இணைப்பு என்று ஒன்று இருக்க வேண்டுமே? வீட்டு இணைப்பில் மோட்டார் ஓட்டுகிறவனை, வாடகை கட்டிய கொட்டகையை ஒரு ராத்திரியில் காலி செய்கிறவனை அந்த ஆயுதம் தொடாது. 2024-ல் மத்திய அரசு அதே சட்டத்தில் பல குற்றங்களுக்குச் சிறையை எடுத்துவிட்டு 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியது. அபராதச் சீட்டை ஒட்டுவதற்கும் ஒரு கதவு வேண்டும். நம் சட்டங்களின் கையெல்லாம் பதிவேட்டில் இருப்பவர்கள் வரைதான் நீளுகிறது.

அப்படியானால் யார் பார்ப்பது? மெக்சிகோவில், அமெரிக்க எல்லையை ஒட்டிய ஸியூடாட் ஹுவாரெஸ் நகரத்தில், சுமார் 350 செங்கல் சூளைகள், எல்லாமே முறைசாரா. பழைய டயர், மரத்தூள், கழிவுக் கட்டை என்று கிடைத்ததைக் கொளுத்தினார்கள், புகை எல்லை தாண்டிப் போனது. அதிகாரி போய் 350 சூளையைக் காவல் காக்க முடியாது. 1990-களின் ஆரம்பத்தில் ஒரு தொண்டு அமைப்பு முன்னின்று அவர்களை எரிவாயுவுக்கு மாற்றியது. முதலில் நன்றாகப் போனதற்குக் காரணம் அக்கம்பக்கத்துக்காரர்கள் புகார் சொன்னதும், சூளைக்காரர் சங்கங்களே தங்கள் ஆட்களைக் கட்டுப்படுத்தியதும். பக்கத்துச் சூளைக்காரன் மலிவாகக் கொளுத்தினால் இவன் வியாபாரம் போகும், ஆகவே ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டார்கள். அப்புறம் அரசு எரிவாயு மானியத்தைக் குறைத்தது, விலை ஏறியது, பழையபடி கழிவுக் கட்டைக்குத் திரும்பிவிட்டார்கள். அதாவது பக்கத்து வீட்டுக் கண்ணுக்குப் பலம் உண்டு, கேஸ் சிலிண்டர் விலைக்கு அதைவிட அதிகப் பலம்.

கும்பகோணம் வாசகர்: பிளாஸ்டிக் தடை என்ன ஆயிற்று?

2019 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் பதினான்கு வகைக்குத் தடை வந்தது. கடையில் கேட்டுப் பாருங்கள், மேஜை மேல் இருக்காது, மேஜைக்கு அடியில் இருக்கும். மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு போங்கள்.

கோவை வாசகி: குப்பை பொறுக்குகிறவர்களும் முறைசாராதானே? அவர்களையும் மாசுக்காரர்கள் என்பீர்களா?

நேர் எதிர். ஊரின் குப்பைமேடு இன்னும் உயராமல் இருப்பதற்கு அவர்கள்தான் காரணம், அதற்கு நாம் கொடுக்கும் சம்பளம் பூஜ்யம். புனேயில் 1993-ல் இவர்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் உருவாகி, அதன் வழியாக வந்த 'ஸ்வச்' கூட்டுறவு 2008-லிருந்து மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை எடுக்கிறது. அடையாள அட்டை உண்டு, வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணம் கொடுக்கிறார்கள். முறைப்படுத்துவது என்றால் நமக்கு உடனே சீல் வைப்பதுதான் ஞாபகம் வருகிறது. புனேக்காரர்கள் அதை வேலைக்கு மரியாதை கொடுத்துச் செய்தார்கள்.

தஞ்சாவூர் வாசகர்: இன்வெர்ட்டர் பேட்டரி போய்விட்டது. புதிது வாங்கும் கடையில் பழையதுக்கு ஒரு விலை தள்ளித் தருகிறார்கள். தெருவில் வரும் பழைய இரும்புக்காரர் சில நூறு ரூபாய் அதிகம் தருகிறார். யாரிடம் கொடுக்க? அப்புறம் உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள் யாரிடம் கொடுத்தீர்கள்?

கடையில் கொடுங்கள். பழைய பேட்டரியைத் திரும்ப வாங்க வேண்டும் என்று 2001-லேயே விதி வந்தது, 2022-ல் புது விதிகள் வந்து தயாரிக்கிறவர் தலையிலேயே அந்தப் பொறுப்பைக் கட்டின. கடைக்குப் போவதெல்லாம் ஒழுங்கான ஆலைக்குப் போகிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் போக வாய்ப்பு அதிகம்.

இரும்புக்காரரால் எப்படி அதிகம் தர முடிகிறது என்று யோசியுங்கள். அவர் வள்ளல் கர்ணனின் பரம்பரை இல்லை. பேட்டரியில் பெரும் எடை ஈயம், ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், அதற்குக் கோடாலி, ஒரு இரும்புச் சட்டி, கொஞ்சம் கரி போதும். ஒழுங்கான ஆலை அமிலத்தை நடுநிலைப்படுத்த வேண்டும், புகையை வடிகட்ட வேண்டும், தொழிலாளிக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், வரி கட்ட வேண்டும். கொட்டகையில் அமிலம் மண்ணில், புகை பக்கத்து வீட்டில், ஈயத்தூள் தொழிலாளியின் சட்டையில் ஏறி அவர் பிள்ளையிடம். இப்படி மிச்சமான காசில்தான் உங்களுக்கு அந்தச் சில நூறு.

செனகல் நாட்டில் டாக்கர் நகரத்தை ஒட்டிய தியாரோய் என்ற இடத்தில் பழைய பேட்டரிகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உலகச் சந்தையில் ஈய விலை ஏறியதும் அந்த மண்ணையே சலித்து ஈயத் துணுக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தார்கள், மூட்டை மூட்டையாக மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அங்கே 18 குழந்தைகள் செத்துப்போனார்கள். முதலில் யாருக்கும் காரணமே புரியவில்லை. உலகத்தில் சுமார் 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருக்கிறது, அதில் 27 கோடிக்கும் மேல் இந்தியாவில் என்று யுனிசெஃப் 2020-ல் சொன்னது. எல்லாம் பேட்டரியால் வந்தது இல்லை, பெயிண்ட், மசாலாக் கலப்படம், பாத்திரம் என்று பல வழி இருக்கிறது. பேட்டரி உடைப்பது அதில் முக்கியமான ஒன்று.

நான் யாரிடம் கொடுத்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். இதெல்லாம் படிப்பதற்கு முன்பு ஒரு தடவை தெருவில் வந்தவரிடம்தான் கொடுத்தேன். நூறு ரூபாய் கூடக் கேட்டுப் பேரம் பேசியும் வாங்கினேன். அவர் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டும்போது அமிலம் கொஞ்சம் சிந்தி வாசல் சிமெண்டில் வெள்ளையாக ஒரு தடம் விழுந்தது. வீட்டில் இரண்டு முறை தேய்த்துப் பார்த்தார்கள். போகவில்லை.